கோடு கடன், குரல் சொந்தம்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையிலுள்ள சிற்றூர் ஒன்றில், பிழைப்புத் தேடிக் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவன் நான். எங்கள் வீட்டில் குடிதண்ணீரை ‘வெள்ளம்’ என்போம். பல்கலைக்கழகத்துக்கு வந்த புதிதில் அதைக் கேட்டு நகைத்த தோழர்கள் உண்டு. “கடன் வாங்கிய தமிழ்” என்றனர். சென்ற மாதம் நம் மன்றத்தின் கையெழுத்து ஏட்டுக்குப் படம் வரைந்த தம்பி ஒருவரையும், “இது இன்னாருடைய கோடு” என்று சொல்லியே சோர்வடையச் செய்துவிட்டோம். கடன் வாங்கியவனுக்குச் சொந்தம் என ஒன்று இராதா? ஓர் ஓவியரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

டேவிட் லோ 1891-இல் நியூசிலாந்தில் பிறந்து, லண்டனில் புகழ் பெற்ற கேலிச்சித்திரக்காரர். தூரிகையால் கருமை திரண்ட தடித்த கோடுகளை இழுப்பது அவர் வழக்கம். அதில் அறிவியலும் உண்டு. செய்தித்தாளின் முரட்டுத் தாள் மையை உறிஞ்சும்; நெருங்கிய நுண்கோடுகள் ஒன்றோடொன்று கசிந்து கறையாகும்; தடித்த கோடோ தெளிவாக நிற்கும். அக்கோட்டின் கூர்மை பொறாத இட்லரின் ஜெர்மனி, அவர் படம் வெளியிட்ட லண்டன் நாளிதழையே தடை செய்தது.

அந்தப் படங்கள் ‘இந்து’ நாளிதழ் வழியாக மைசூரில் ஒரு தமிழ்ச் சிறுவனின் கைக்கு எட்டின. 1921-இல் பிறந்த ஆர்.கே.லட்சுமண்தான் அச்சிறுவர். லோவின் கையெழுத்தில் முதலெழுத்தைத் தவறாகப் படித்து, ஆங்கிலத்தில் பசுவைக் குறிக்கும் சொல்லே அவர் பெயரென்று நெடுநாள் நம்பியிருந்தாராம்! பெயர் அறியாமலே ஆசானாகக் கொண்டார். பம்பாய் ஜே.ஜே. ஓவியக் கல்லூரி அவருக்கு இடம் மறுத்தது. அவர் தூரிகையை விடவில்லை.

லோவின் தடித்த கோடு லட்சுமணின் படங்களிலும் தெரிகிறது. ஆனால் இருவர் படைத்த மாந்தரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1934-இல் லோ படைத்த கர்னல் பிளிம்ப் தொந்தியும் தொங்கு மீசையுமாக, முன்னுக்குப்பின் முரணாக ஓயாது பேசுபவர். ஆளும் வர்க்கத்தின் அறியாமை அவர் வாயில் வெளிப்படும். 1951-இல் லட்சுமண் படைத்த பொதுமனிதரோ கட்டம்போட்ட கோட்டும் வேட்டியும் மூக்குக்கண்ணாடியுமாக எங்கும் நிற்பவர், எதையும் பார்ப்பவர், ஒரு சொல்லும் பேசாதவர். அமைச்சர்கள் பேசுவர், அதிகாரிகள் பேசுவர், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். கோட்டை லண்டனிலிருந்து வாங்கிய லட்சுமண், அந்த மௌனத்தை நம் தெருவிலிருந்து எடுத்தார்.

1956 நவம்பர் 1-இல் நெய்யாற்றின்கரை கேரளத்திலும், அடுத்திருந்த விளவங்கோடு அன்றைய சென்னை மாநிலத்திலும் அமைந்தன. எல்லை மண்ணில் வகுக்கப்பட்டது. எங்கள் நாவில் வகுக்கப்படவில்லை. அங்கே ‘வெள்ளம்’ கேட்பவனின் தாகம் கடன் வாங்கியதன்று.

ஆகவே, தோழர்களே, ஒருவர் படத்தைப் பார்க்கும்போது யாருடைய கோடு என்பதோடு நின்றுவிடாதீர்கள். அக்கோட்டால் அவர் யாரைக் காட்டுகிறார் என்றும் கேளுங்கள். அந்தத் தம்பிக்கும் ஒரு சொல்: அடுத்த ஏட்டுக்கும் வரைந்து தாருங்கள்.