பயணிகளின் புகழ்மொழியும் பழிமொழியும்

ஊர் பல கண்டு மீண்ட பயணிகள் கூடிப் பேசுமிடத்துப் புகழ்ச்சியும் இகழ்ச்சியும் ஒருங்கே எழுதல் இயல்பு. புகழ்வோர் நல்லெண்ணம் உடையாரென்றும், இகழ்வோர் குற்றமே காண்பாரென்றும் முடிவுகட்டுதல் பொருந்தாது. அம்பாறைக் கடற்கரையே இதற்குச் சான்றாகும்.

கல்முனைக்குத் தெற்கே, தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் பொத்துவிலை அடுத்து அறுகம்குடா உள்ளது. ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்று வீசுங்கால், இக்கீழ்க்கரையில் மழை அருகும். தெற்கிலிருந்து வரும் அலைகள் நிலமுனையைச் சுற்றி வளைந்து ஒழுங்காக உடையும். அலைச்சறுக்கு வீரர் அக்காலத்தே வந்து வியந்து செல்வர். நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றால் பெருமழை பொழியும், கடல் கொந்தளிக்கும், விடுதிகள் பல மூடப்பட்டிருக்கும். அப்போது வந்தோர் காண்பதற்கு ஒன்றுமில்லை என்பர். இருசாரார் கூற்றும் பொய்யன்று. தாம் வந்த காலத்தைக் கூறாது விடுத்தமையே குறை.

அக்குறை சிறிதன்று. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையால் பேரழிவுற்று மீண்டெழுந்த கரை இது. விடுதி நடத்துவோரும், முச்சக்கரவண்டி ஓட்டுவோரும், உணவுக்கடை வைத்திருப்போரும் பயணிகளின் சொல்லை நம்பியே பிழைக்கின்றனர். காரணங்காட்டாத பழி அவர்தம் அடுப்பை அணைக்கும். அளவிறந்த புகழோ காலந்தவறி வந்தாரை ஏமாற்றிப் பின்னர்த் தானே பழியாக மாறும். எப்போது, எங்கே, எது குறைவாயிற்று எனத் தெளிவுற உரைக்கும் குறைமொழி, வெறும் புகழினும் ஊருக்கு நன்மை பயப்பதாகும்.