ரீசெட் பொத்தானை அழுத்தும் முன்

கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் நின்றாலும் வரத்து நிற்பதில்லை. கிணறு நிரம்பி, தாழ்வான தெருக்களில் பாதாளச் சாக்கடை மூடிகள் வழியே கழிவுநீர் பொங்கத் தொடங்கும். அந்தப் பதற்றத்தில் பலரும் செய்வது, ட்ரிப் ஆன ஓவர்லோடு ரிலேயை ரீசெட் செய்து மோட்டாரை மறுபடி ஓட்டிப் பார்ப்பதுதான். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் வைண்டிங் கருகிவிடும். ரிலே காரணமில்லாமல் ட்ரிப் ஆவது அபூர்வம்.

முதலில் சப்ளையைப் பார்க்க வேண்டும். 415 வோல்ட் மூன்று ஃபேஸிலும் சமமாக வர வேண்டும். ஒரு ஃபியூஸ் போனாலோ, காண்டாக்டரின் ஒரு முனை தீய்ந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் இரண்டு ஃபேஸில் உறுமியபடியே தொடர்ந்து ஓடும். அந்த இரண்டிலும் மின்னோட்டம் சுமார் 1.7 மடங்காக ஏறும். இங்கே வோல்ட் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. அறுந்த ஃபேஸிலும் மோட்டார் தானே உண்டாக்கும் வோல்ட்டேஜ் காட்டும். கிளாம்ப் மீட்டரால் மூன்று ஒயரிலும் ஆம்பியரை அளந்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றிலும் ஆம்பியர் ஒரே அளவில் ஏறியிருந்தால் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தில் இல்லை. துணி, முடி, நாப்கின் போன்றவை இம்பெல்லரில் சுற்றியிருக்கும். கேபிளைக் கழற்றி மாட்டிய பிறகு தண்ணீர் குறைவாக வந்தால், இரண்டு ஃபேஸ் இடம் மாறி மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுத்தது மெகர் சோதனை. சப்ளையைத் துண்டித்து, 500 வோல்ட் மெகரில் 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் மோட்டாரை ஓட்டக் கூடாது. உடனே மோட்டாரைக் குறை சொல்லவும் வேண்டாம். கேபிளைத் தனியே பிரித்துச் சோதித்தால், ஈரம் இறங்கிய ஜாயின்ட்தான் பல நேரம் பிடிபடும்.

தானியங்கி இயக்கத்தில் ஃப்ளோட் சுவிட்சுதான் அதிகம் தொல்லை தரும். கொழுப்புக் கழிவு படிந்து கனத்த ஃப்ளோட் மேலெழாது. கிணறு நிரம்பினாலும் மோட்டாருக்குக் கட்டளை போகாது.

இந்த நிலையங்களுக்கே உரிய எதிரி ஹைட்ரஜன் சல்பைடு வாயு. கேபிள் வரும் குழாய் வழியே அது பேனலுக்குள் ஏறும். கதவைத் திறந்தால் செம்பு முனைகள் கருத்திருக்கும். சிறிய ரிலேக்களின் வெள்ளிக் காண்டாக்டில் கறை படிந்து, விட்டு விட்டு வேலை செய்யும். முனைகளை மாற்றினால் மட்டும் போதாது. குழாயின் வாயை அடைக்காவிட்டால் அதே பழுது திரும்ப வரும்.

மனித உயிரைப் பறிப்பதும் இதே வாயுதான். 100 பிபிஎம் அளவை நெருங்கும்போது மூக்கு நாற்றத்தை உணரும் திறனையே இழக்கும். வாடை இல்லை என்று இறங்குபவர் மயங்கி விழுவார். பாதுகாப்புக் கருவியின்றி ஆளைச் சாக்கடையில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஃப்ளோட்டையும் பம்பையும் சங்கிலியால் மேலே தூக்கியே பழுது பார்க்க வேண்டும். தூக்கும் முன் மெயினை அணைத்துப் பூட்டி, சாவியை வேலை செய்பவரே வைத்துக்கொள்ள வேண்டும்.