திலகங்களின் வீச்சு
(இரண்டாமாண்டு பி.எஸ்சி., இயற்பியல்)

இயற்பியலில் 'வீச்சு' என்றொரு சொல் உண்டு. ஊசல் தன் நடுநிலையிலிருந்து எவ்வளவு தொலைவு விலகுகிறதோ, அதுவே அதன் வீச்சு. இதே அளவுகோலை நடிகர்களுக்கும் வைக்கலாம். தம் இயல்பிலிருந்து எவ்வளவு தூரம் விலகி வேறொரு மனிதராக நிற்க அவர்களால் முடிந்தது? தமிழ்த் திரையின் மூன்று கதாநாயகர்களை இந்தக் கேள்வியோடு நோக்குவோம்.

முதலில் நடிகர் திலகம் சிவாஜி கணேசன். 1952-இல் 'பராசக்தி'யில் அறிமுகமான அவர், இரண்டே ஆண்டுகளில் 'அந்த நாள்' படத்தில் நாட்டைக் காட்டிக் கொடுப்பவனாக நடித்தார். வளரும் கதாநாயகர் எளிதில் ஏற்கும் வேடமா அது? 'நவராத்திரி'யில் (1964) ஒன்பது வேடங்கள். 'தெய்வ மகன்' (1969) படத்தில் தந்தையும் இரு மைந்தரும் அவரே. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் முகத்தில் ஒரே விதத் தழும்பு. ஆயினும் நடை வேறு, குரல் வேறு, பார்வை வேறு. அவர் நடிப்பு மிகை என்போர் 'முதல் மரியாதை'யைக் (1985) காண வேண்டும். அங்கே அவர் அடக்கிப் பேசும் பேச்சே நெஞ்சை அறுக்கும்.

அடுத்து ஜெமினி கணேசன். மற்ற இருவரும் சிறுவயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். இவரோ கல்லூரியில் பயின்று, ஜெமினி ஸ்டூடியோ வழியே திரைக்கு வந்தவர். ஆகவே மேடைக்குரிய உரத்த குரல் இவரிடம் இல்லை. 'கல்யாணப் பரிசு' (1959) நாயகனைப் போல் மனத்துக்குள் நொறுங்கும் மனிதர்களே இவருக்குப் பொருந்தினர். வீச்சு குறைவு, இயல்பு அதிகம்.

இனி மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். 'எங்க வீட்டுப் பிள்ளை'யில் (1965) கோழையாகவும் வீரனாகவும் வந்து வேறுபாடு காட்டினார். எனினும் பெரும்பாலும் ஒரே நல்லவனைத்தான் அவர் திரும்பத் திரும்பத் திரையில் நிறுத்தினார். ஆலிவுட்டில் மார்லன் பிராண்டோ படத்துக்குப் படம் மாறினார். ஜான் வெய்ன் பெரும்பாலும் ஜான் வெய்னாகவே இருந்தார். அதுபோன்றதே இதுவும். 1967 ஜனவரியில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தபின் எம்.ஜி.ஆரின் குரலே மாறிற்று. நடிகனுக்குக் குரல் பாதி உயிர். ஆயினும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. ஏன்?

"படிப்பறிவில்லாதவர்களின் ரசனை" என்று நம் நண்பர்கள் சிலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். என்னால் அதை ஏற்க இயலவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அம்மாயி பனியன் கம்பெனியில் பீஸ் மடித்துப் பிழைத்தவர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். இருவர் படங்களையும் பார்த்த அவர் ஒருநாள் சொன்னார்: "சிவாஜி அழுதா நமக்கும் அழுகை வரும் சாமி. எம்.ஜி.ஆரு வந்தா அழுகை நின்னுரும்." இதைவிடத் தெளிவான ஒப்பீட்டை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

வகுப்பில் ஒத்ததிர்வு பற்றிப் படிக்கிறோம். ஒரு பொருளின் இயல்பான அதிர்வெண்ணோடு ஒத்துப் போனால், சிறு விசையும் பேரதிர்வை எழுப்பும். எம்.ஜி.ஆர். செய்தது அதுவே. பஞ்சுத் தூசியில் நின்று உழைத்தவர்களின் ஏக்கம் எந்த அதிர்வெண்ணில் துடித்ததோ, அதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே நண்பர்களே, நடிப்பின் வீச்சில் சிவாஜிக்கு நிகரில்லை என்று தயங்காமல் கூறுவோம். ஆனால் அந்தத் தீர்ப்பைக் கொண்டு, எம்.ஜி.ஆரை நேசித்த நம் பெற்றோரின் அறிவை அளக்க வேண்டாம். அளவுகோல் ஒன்றே ஒன்று என்று அறிவியல் ஒருபோதும் கற்பிக்கவில்லை.