பைத்தான் கற்க பணம் கட்ட வேண்டுமா? இலவசமாகப் படிக்க எங்கே போகலாம்?

"கோடிங் கத்துக்கணும், எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல." கல்லூரி மாணவர்கள் முதல் வேலை மாற நினைப்பவர்கள் வரை பலரும் சொல்வது இதுதான். யூடியூபில் தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. கூடவே '100% வேலை உத்தரவாதம்' விளம்பரங்களும் வந்து நிற்கின்றன. பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஏன் பைத்தான்?

1991-ல் கீடோ வான் ரோசம் வெளியிட்ட மொழி இது. எழுதும் முறை எளிது. டேட்டா சயின்ஸ், ஏஐ, வெப்சைட் என எல்லா இடத்திலும் பயன்படுகிறது. மொழியும் இலவசம், அதன் அதிகாரபூர்வ தளத்தில் இருக்கும் பாடமும் இலவசம்.

எங்கே படிக்கலாம்?

சுயம், என்பிடெல்: ஐஐடி ரோப்பர் பேராசிரியர் சுதர்சன் ஐயங்காரின் 'தி ஜாய் ஆஃப் கம்ப்யூட்டிங் யூசிங் பைத்தான்' 12 வாரப் பாடம். கோடிங்கே தெரியாதவர்களும் சேரலாம். படிக்கக் காசு வேண்டாம். தேர்வு எழுதி சான்றிதழ் வாங்க மட்டுமே கட்டணம்.

ஸ்போக்கன் டுடோரியல்: ஐஐடி பாம்பேயின் திட்டம். சின்னச் சின்ன வீடியோக்கள். பல பாடங்களுக்குத் தமிழ் ஒலியும் உண்டு. ஆங்கிலம் தடையாக இருப்பவர்கள் முதலில் இங்கே பார்க்கலாம்.

சிஎஸ்50பி: ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பைத்தான் பாடம். ஒவ்வொரு வாரமும் வீட்டுப்பாடம் உண்டு, கொஞ்சம் கஷ்டமாகவே இருக்கும். ஆனால் கை பழகிவிடும்.

புத்தகம்தான் வசதி என்றால், அல் ஸ்வைகார்ட் எழுதிய 'ஆட்டோமேட் த போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்' புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம்.

லேப்டாப் இல்லையா? கூகுள் கோலாப் பிரவுசரிலேயே ஓடும். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மொபைலிலும் திறக்கலாம், டைப் செய்வதுதான் சிரமம்.

நல்ல பாடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பாடம் பைத்தான் 3-ல் இருக்கிறதா என்று பாருங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஓடு முடிந்துவிட்டது. 'பிரிண்ட்' கட்டளைக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லையென்றால் அது பழைய பாடம், விட்டுவிடுங்கள்.

அடுத்து, பயிற்சிக் கணக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். தனியாக எழுத உட்கார்ந்தால்தான் உண்மை தெரியும்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' கவனம்

பணம் கட்டிப் படிப்பதே தப்பு என்றில்லை. கேள்வி கேட்க ஆள் வேண்டும் என்பவர்களுக்கு அது உதவலாம். ஆனால் சில பயிற்சி நிறுவனங்கள் தரும் 'இஎம்ஐ' என்பது உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுக்கும் கடன். வகுப்பைப் பாதியில் விட்டாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். கையெழுத்து போடும் முன் கடன் கொடுப்பது யார், பணம் திரும்பக் கிடைக்க என்ன நிபந்தனை என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். போனில் சொன்னதை நம்ப வேண்டாம்.

சரி, எப்படித் தொடங்குவது?

ஒரே ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுங்கள். நான்கு வாரம் தினமும் ஒரு மணி நேரம் அதிலேயே இருங்கள். பிறகு வீட்டுச் செலவுக் கணக்கு போடுவது போல ஒரு சின்ன புரோகிராம் சொந்தமாக எழுதிப் பாருங்கள். அதை முடித்தபின், பணம் கட்டும் வகுப்பு உங்களுக்குத் தேவையா இல்லையா என்று நீங்களே முடிவு செய்யலாம்.