குழந்தையும் காசும் – 7: கொட்டை பொறுக்கிய காசு

பெற்றோர் கொடுக்கும் கைச்செலவுக் காசைப் பற்றிச் சென்ற வாரம் பிரஸ்தாபித்தேன். குழந்தை தானே தேடிக்கொள்ளும் காசின் மகிமை வேறு.

இரண்டாம் உலக யுத்தம் மூண்ட 1939-ஆம் வருஷத்தில், எட்டு வயதுப் பிராயத்தில் இருந்த இராமேசுவரத்துச் சிறுவன் ஒருவன், புளியங்கொட்டைக்குச் சந்தையில் திடீரென்று கிராக்கி ஏற்பட்டதைக் கண்டு, கொட்டைகளைப் பொறுக்கிச் சேர்த்து மசூதித் தெரு மளிகைக் கடையொன்றில் விற்றுவந்தான். ஒரு நாள் சேகரிப்புக்குக் கிடைத்தது ஓரணா. அந்நாளில் இராமேசுவரம் நிலையத்தில் ரயில் நிற்பது ரத்தாகி, ஓடும் வண்டியிலிருந்தே பத்திரிகைக் கட்டுகளை வீசியெறிய நேர்ந்தபோது, அவற்றைப் பிடித்துக்கொடுக்கும் உத்தியோகமும், அதன் பயனாக முதற்கூலியும், உறவினர் சம்சுதீன் மூலம் அவனுக்கு வாய்த்தன. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாமே அந்தச் சிறுவன். சுயமாகச் சம்பாதித்த அந்தப் பெருமிதம் அரை நூற்றாண்டு கழிந்தும் தம் நெஞ்சைவிட்டு நீங்கவில்லை என்று ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் அவர் எழுதியிருக்கிறார்.

புளியங்கொட்டையைப் போலவே கிராமத்துக் குழந்தைகளுக்குக் காசாக வாய்த்த மற்றொன்று வேப்பங்கொட்டை. ஆனி, ஆடி மாதங்களில் வேம்பு பழுத்துக் குலுங்கும்போது, காக்கையும் மைனாவும் வௌவாலும் சதையைத் தின்று உதிர்த்துவிட்ட கொட்டைகள் மரத்தடியில் வெள்ளை வெளேரென்று பரந்து கிடக்க, மாடுகள் மிதிப்பதற்கு முன்பாக விளக்குமாறும் ஓலைப்பெட்டியுமாக ஓடுகிற பிள்ளைகளுக்கு, விடியற்காலைத் தூக்கத்தை விடுவது ஒரு பொருட்டாகவே தோன்றுவதில்லை. தானே உதிர்ந்த பழமானால் தண்ணீரில் பிசைந்து சதையைப் போக்கிக் கழுவி, நன்றாக உலர்த்திய பின்பே கோணிப்பையில் கட்டவேண்டும். ஈரம் தங்கினால் பூஞ்சணம் பூத்து, வியாபாரி முகத்தைச் சுளித்து விலையைக் குறைத்துவிடுவார். எண்ணெயாகச் செக்குக்கும், புண்ணாக்காக வயலுக்கும், இடித்து ஊறவைத்த சாறாகப் பூச்சிவிரட்டிக்கும் பயன்படுகிற சரக்கு அது என்பதையும், படியைத் தலைதட்டி அளப்பதற்கும் கோபுரமாகக் குவித்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும், கடை வாசலில் நின்றே அந்தப் பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள். கணக்கு வாத்தியார் எத்தனை சமர்த்தராயினும், தன் கொட்டையைத் தன் கண்ணெதிரே பிறர் அளக்கும்போது பிறக்கிற அந்த ஜாக்கிரதையைப் பாடத்தில் ஊட்டுவது கஷ்டம்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். அந்தக் காசு குழந்தையின் ஓய்வு நேரத்தில் விளைந்து, குழந்தையின் இஷ்டப்படியே செலவாகவேண்டும். வீட்டு உலையில் அரிசி விழுவதற்கு அதை எதிர்பார்க்கத் தொடங்கிய மாத்திரத்தில் அது கூலியாகிவிடுகிறது, பள்ளிக்கூடமும் மெல்ல விலகிப்போகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும், 14 வயது நிரம்பாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தலாகாது என்று தடுத்து, பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும், அபாயமில்லாத குடும்பத் தொழிலில் ஒத்தாசை செய்வதை மட்டுமே பிரதானமான விலக்காக அனுமதிக்கிறது. 14 முதல் 18 வரை உள்ளவர்களுக்கும் சுரங்கம், வெடிமருந்து போன்ற அபாயத் தொழில்கள் கூடாது.

சட்டம் தொடாத ஓர் அநீதி வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. பிள்ளை சேர்த்த உண்டியலை அவசரத்துக்கு உடைத்து, “அப்புறம் தருகிறேன்” என்று சொல்லி, தராமலே மறந்துவிடுகிற பெரியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கடனைத் திருப்பாதவர் என்று தன் தகப்பனாரைப் பற்றி அறிந்துகொள்கிற குழந்தை, அதை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் மறப்பதில்லை.

உண்டியலுக்குப் பதிலாக, பத்து வயது நிறைந்த பிள்ளை, ஐந்நூறு ரூபாய் இருந்தால், தன் பெயரிலேயே அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்கித் தானே அதை நடத்தலாம். வரும் ஆடி முடிவதற்குள் உங்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அஞ்சலகம் வரை ஒருமுறை போய்வாருங்கள். படிவத்தைப் பிள்ளையே நிரப்பட்டும்.

(தொடரும்)