உங்களுக்குத் தெரியுமா? கடல் கடந்த பூங்காக்களும் பசறை மலையும்

பசறைப் பக்கத்திலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் பிள்ளைகளைப் பார்க்கவும் வெளிநாடு போகிறவர்கள் பலர். அங்கே ஓய்வுநாளில் ஒரு பூங்காவுக்குப் போனால், பூவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். நம் மலைச்சரிவில் நிற்கும் செடிகொடிகளின் கதையில் பாதி அங்கேதான் இருக்கிறது.

● லண்டன் கியூ தாவரவியல் பூங்கா 1759இல் தொடங்கியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த சுமார் 70,000 இறப்பர் விதைகள் இங்கேதான் விதைக்கப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி கப்பலேறி இலங்கைக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டது. மொனராகலைப் பக்கம் இன்று பால்வெட்டுகிறவர்களின் பிழைப்புக்குத் தொடக்கம் கியூ கண்ணாடி வீட்டில் முளைத்த அந்த நாற்றுகள்தான்.

● அதே கியூவில் மரியான் நோர்த் ஓவியக்கூடம் இருக்கிறது. 1882இல் திறக்கப்பட்டது. சுவர் முழுக்க எண்ணூறுக்கு மேற்பட்ட தாவர ஓவியங்கள். எல்லாம் ஒரே பெண் ஊர் ஊராகப் போய் வரைந்தவை. இலங்கைக்கும் வந்து வரைந்திருக்கிறார். பூ பார்த்துக் கால் வலித்தாலும் இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

● சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு (1859) நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே இருக்கும் ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். 2015இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமானது. இறப்பர் மரத்தைக் கெடுக்காமல் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் வெட்டுமுறையை உருவாக்கிய ஹென்றி ரிட்லி இங்கேதான் பணிப்பாளராக இருந்தார்.

● துபாய் மிராக்கிள் கார்டன் 2013இல் திறந்தது. கடும் வெயில் மாதங்களில் மூடிவிடுவார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் குளிர்காலத்தில் ஒரு லீவு நாளை இதற்கு ஒதுக்கலாம்.

● ஊட்டி அரசு தாவரவியல் பூங்காவை 1848இல் அமைக்கத் தொடங்கியவர் வில்லியம் மக்ஐவர். நீலகிரியில் சிங்கோனா பயிரிட்டவரும் அவரே. மலேரியாக் காய்ச்சலுக்கான கொயினா மருந்து அந்த மரப்பட்டையிலிருந்துதான் வந்தது. நம் ஹக்கலப் பூங்காவும் 1861இல் இதே சிங்கோனாவுக்காகத் தொடங்கப்பட்டது. ரோஜாவெல்லாம் பிறகு வந்தவை. இரண்டு பூங்காக்களும் உடன்பிறப்புகள் என்றே எனக்குத் தோன்றும். மனிதர்களிலும் அப்படித்தான். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து போன குடும்பங்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர்ப் பக்கங்களில் வாழ்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கவே தமிழ்நாட்டு அரசு அங்கே தேயிலை பயிரிட்டது. அதுதான் இன்றைய டான்டீ என்ற அரசு தேயிலை நிறுவனம். பிரிந்துபோன பெரியப்பாவையோ அத்தையையோ பார்க்கப் போகிறவர்கள், அவர்களையும் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுது ஊட்டிப் பூங்காவில் நடந்து வாருங்கள்.

● ஹக்கல பார்க்காமலே ஊட்டி பார்த்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பதுளையிலிருந்து வெலிமடை வழியாக நுவரெலியா போகும் பெரிய பாதையிலேயே அது இருக்கிறது.

● பதுளை நகரத்திலும் ஒரு தாவரவியல் பூங்கா இருந்தது! பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் ஹென்றி டிரைமன் 1886இல் அதன் கிளையாகத் தொடங்கியது.

● 1869இல் இலங்கைக் கோப்பியை அழிக்கத் தொடங்கிய இலைத்துரு நோய் முதலில் கண்ணில் பட்ட இடம் எது தெரியுமா? நமக்குப் பக்கத்து மடுல்சீமை. இலையின் அடியில் செம்மஞ்சள் தூள் படிந்தது. பேராதனையிலிருந்து தாவரவியலாளர் துவைட்ஸ் அனுப்பிய மாதிரியைப் பார்த்து, இங்கிலாந்தில் பூஞ்சண ஆய்வாளர் பெர்க்லி அந்தப் பூஞ்சணத்துக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத வித்துகள் காற்றில் பறந்து தோட்டம் தோட்டமாகப் பரவின. சுமார் இருபது வருடத்தில் கோப்பி போய்த் தேயிலை வந்தது.

● இப்படிப்பட்ட நோய் ஒரு சிறு தண்டிலும் ஒளிந்து வரலாம். அதனால்தான் சொல்கிறேன்: வெளிநாட்டுப் பூங்காவில் ஒரு தண்டை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வரும் ஆசையை விட்டுவிடுங்கள். விதையும் மண் ஒட்டிய கிழங்கும் அப்படித்தான். இலங்கைக்குள் செடி கொண்டுவர 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் முன்கூட்டியே அனுமதி வேண்டும். செடியின் பெயர்ப்பலகையைப் படம் எடுத்து வாருங்கள். பேராதனையில் மட்டும் நாலாயிரம் தாவர வகைகளுக்கு மேல் இருக்கின்றன. நீங்கள் ஆசைப்பட்டது அங்கேயே நின்றாலும் நிற்கும்.