பௌர்ணமிக் கூட்டமும் ஹெல்ம் சார்ட்டும்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள விடுதிகளுக்குப் பௌர்ணமிதான் கணக்கு. 14 கிலோமீட்டர் கிரிவலம் வருகிறவர்கள் அறை தேடுவதும் அதை ஒட்டித்தான். இந்த விடுதிகள் சேர்ந்து ஒரு முன்பதிவுத் தளம் நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பார்க்கிறவருக்கு அது ஒரே பக்கம். உள்ளே ஓடுவதோ பல: அறை காட்ட ஒரு நிரல், பணம் வாங்க ஒன்று, குறுஞ்செய்தி அனுப்ப ஒன்று, அடியில் டேட்டாபேஸ்.

ஒரு நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதிதான் கன்டெய்னர். எந்தக் கன்டெய்னர் எத்தனை ஓட வேண்டும் என்று சொல்லிவிட்டால், அந்த எண்ணிக்கை குறையாமல் குபெர்னெட்டீஸ் பார்த்துக்கொள்ளும். ஒன்று விழுந்தால் வேறொன்றை எழுப்பும். 2014-ல் கூகுள் இதை எல்லோருக்கும் திறந்துவிட்டது.

தலைவலி, அதைச் சொல்ல எழுதும் யாம்ல் கோப்புகளில் தொடங்குகிறது. ஒவ்வொரு நிரலுக்கும் மூன்று நான்கு கோப்புகள். சோதனைக்கு ஒரு நகல், நிஜ சர்வருக்கு ஒரு நகல். ஒன்றில் திருத்தியது மற்றதில் விட்டுப்போகும். அது தெரியவருவதும் கூட்டம் வந்த பிறகுதான். குபெர்னெட்டீஸுக்கான ஹெல்ம் என்ற கருவி இதைத் தீர்க்கிறது. மாறாதவை டெம்ப்ளேட்டில், இடத்துக்கு இடம் மாறும் முகவரி, எண்ணிக்கை, பதிப்பு எண் எல்லாம் வேல்யூஸ் கோப்பில். இவை அடங்கிய தொகுப்புதான் சார்ட். பௌர்ணமிக்கு இரண்டு கன்டெய்னர்களை எட்டாக்க ஒரே வரியை மாற்றி ‘ஹெல்ம் அப்கிரேட்’ கொடுத்தால் போதும்.

பெரிய அளவில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. பெங்களூரு ட்ரிபிள் ஐடியில் 2018-ல் தொடங்கிய மொசிப் என்ற மென்பொருள், பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளின் அடையாள அமைப்புக்கு அடித்தளம். அதன் ஏராளமான சேவைகள் ஹெல்ம் சார்ட்களாகவே வெளியாகின்றன. திறந்த மூலம் என்பதால் திருவண்ணாமலைக் கல்லூரி மாணவரும் பிரித்துப் படிக்கலாம். பாடநூலைவிட அதில் கற்பது அதிகம் என்பேன்.

ஒரே ஒரு விடுதிக்கு இவ்வளவும் வேண்டாம். ஒரு சர்வரும், அதில் கன்டெய்னர்களை ஓட்ட டாக்கர் கம்போஸும் போதும். பல நிரல்கள், பல இடங்கள் என்றாகும்போதுதான் சார்ட் எழுதும் உழைப்புக்குப் பலன் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். புதிய பதிப்பு சொதப்பினால் ‘ஹெல்ம் ரோல்பேக்’ பழைய அமைப்பை மீட்டுத் தரும். டேட்டாபேஸில் மாறிப்போன தகவலை மீட்டுத் தராது. அப்கிரேட் செய்யுமுன் டேட்டாபேஸுக்குத் தனியே பேக்கப் எடுத்துவிடுங்கள்.